விழுப்புண்ணும் உட்புண்ணும்



கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் நடுகற்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். போரிலும் ஆநிரை காத்தலிலும் மாண்ட வீரர்க்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றியவர் நம் முன்னோர். மாண்டவனுக்குக் கல் கிடைத்தது. வடுவோடு மீண்டவனுக்குப் புகழ் கிடைத்தது. ஆனால், உடலில் வடு ஏதுமின்றித் தலைக்குள்ளே புண்ணோடு மீண்டவனுக்கு என்ன கிடைத்தது? அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர், மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையின் தாயகம். அப்படையைச் சேர்ந்த காப்டன் மெக்ளின்டாக் என்பவர் 1912இல் வெடிமருந்து நிரப்பிய குழாய் ஒன்றை அமைத்தார். முள்வேலியைத் தகர்க்கும் அக்கருவியை உலகம் இன்றும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்றே அழைக்கின்றது. இரண்டாண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். வாளும் வேலும் போய், வெடியே போரை நடத்திய காலம் அது.

அப்போரில் காயம் ஒன்றுமில்லாத வீரர் பலர் நடுங்கினர், நினைவு தடுமாறினர், பேச்சிழந்தனர். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் இதனைப் பற்றி எழுதியபோது, ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டதிர்ச்சி, என்னும் பெயர் மருத்துவ உலகில் பரவியது. நாளடைவில் மையர்ஸ் இதனைப் பெரிதும் மனத்தின் அதிர்ச்சியாகவே கருதினார். பிரெடரிக் மாட் என்னும் அறிஞரோ, வெடியின் விசை மூளையையே தாக்கியிருக்கலாம் என்றார். வழக்குத் தீருமுன்னரே, 1917இல் பிரிட்டிஷ் இராணுவம் அப்பெயரின் வழக்கைக் கட்டுப்படுத்தியது. பெயரை அடக்கலாம், நோயை அடக்க இயலுமா? கோழைமை, படையை விட்டு ஓடியமை முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்க்கு 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில், 1944இல், இத்தாலியில் கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து மாண்டார் மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது. அது நடுகல்லுக்கு நிகரான பெருமையே. ஆயினும், வெடிக்கு அருகில் நின்று உயிர் பிழைத்தவர் தலைக்குள் என்ன நேர்ந்தது என்று எல்லாரையும் கேட்டறியும் முறை அன்று ஏற்படவில்லை.

செம்பில் உறைந்த தயிரை எண்ணிப் பாருங்கள். செம்பைச் சட்டென்று குலுக்கினால் செம்பிற் கீறல் விழாது. உள்ளே தயிர் உடைந்திருக்கும். மண்டையோட்டுக்குள் மூளையின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே. நினைவிழப்பு அரைமணி நேரத்துக்கு மேற்படாவிடின், மருத்துவர் அதனை இலேசான மூளைக்காயம் என்பர். எக்ஸ்ரே முதலிய படங்களில் அது பெரும்பாலும் தென்படாது. பலர் சில வாரங்களிற் குணமடைவர். சிலருக்குத் தலைவலி, மயக்கம், மறதி, சினம், உறக்கமின்மை ஆகியவை நீடிக்கும். வீட்டாரோ, ‘ஆளே மாறிவிட்டார்’ என்பர்.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிச் சிகிச்சைக்கு வந்தவரிடம், 2007 முதல் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை நான்கு செய்திகளைக் கேட்கலாயிற்று. வெடியோ அடியோ நேர்ந்ததா? அப்பொழுதே நினைவு தவறியதா, குழம்பியதா? அதன்பின் புதிய தொல்லைகள் தொடங்கினவா? அவை இன்றும் உள்ளனவா? நான்கிற்கும் ‘ஆம்’ என்றால் நோய் உறுதியாயிற்று என்று பொருளன்று. மன அதிர்ச்சியிலும் இக்குறிகள் சில தோன்றும். ஆகவே வல்லுநர் ஆராய்ந்தே முடிவு செய்வர். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வெடிக்கு ஆளாகி மறைந்த வீரர் சிலரின் மூளையில் தனித்தன்மை வாய்ந்த வடுக்களைக் காட்டியது. மாட் கொண்ட ஐயம் நூறாண்டுக்குப் பின் வலுப்பெற்றது.

யான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில், 1971 போரில் பணியாற்றிய முன்னாள் வீரர் ஒருவர் காவலராக இருந்தார். பட்டாசு ஒலித்தால் திடுக்கிடுவார், மணியடிக்க மறப்பார். மறதிக்காக அவரைப் பலமுறை கடிந்தேன். ‘போரில் உமக்கு என்ன நேர்ந்தது, ஐயா?’ என்று ஒருமுறையேனும் கேட்டேனில்லை. அவருக்கு உட்புண் இருந்ததோ இல்லையோ, கேளாமை என் குற்றமே.

ஓசூரிலிருந்து செல்லும் சாலை பெங்களூருக்குள் ‘ஓசூர் சாலை’ என்னும் பெயரோடே நுழைகின்றது. அச்சாலையிலேதான் மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் உரிய நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையம் உள்ளது. 1847இல் மனநோயாளர் காப்பகமாகத் தோன்றியது, 1974இல் இப்பெயரும் உருவும் பெற்றது. முன்னாள் படைவீரர்க்கென மருத்துவத் திட்டமொன்றும் 2003 முதல் நாட்டில் நடைபெறுகின்றது. மருத்துவம் அருகிலேயே உள்ளது. அதற்கு முன் நிற்க வேண்டியது கேள்வி. உங்கள் தெருவிலும், ஆலை வாயிலிலும் காவல் நிற்கும் முன்னாள் வீரரிடம் அன்போடு பேசிப் பாருங்கள். அவர் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள். மாண்டவர்க்குக் கல் நட்ட மண், மீண்டவர்க்குச் செவி கொடுக்கட்டும்.