புகைத்தூணாகத் தோன்றிய மலை

இலங்கைத்துறையிலே பிறந்தவனுக்கு மலையைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நமக்குக் கிழக்கே கடல்; மற்றத் திசைகளிலே களப்பும் வயலும் காடும். கோணேசர் கோயில் கொண்ட கற்பாறையையே மலை என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாம். ஆயினும் மலையைப் பற்றிய முதற் கேள்வி எனக்குத் திருகோணமலையிலேதான் பிறந்தது. சிறுவனாகக் கன்னியாவுக்குப் போய், வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வாளியால் அள்ளி வார்த்துக் கொண்டு வந்த மறுநாள், மிசன் பாடசாலையிலே பூமிசாத்திர ஆசிரியரிடம், "ஐயா, கீழே எரிமலை இருக்கிறதா?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது; இலங்கையிலே எரிமலை கிடையாது என்று விளக்கினார். பின்பு, "எரிமலை போலத் தோற்றங்காட்டும் மலை ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்துக் கொண்டு வா" என்று பாடமும் தந்துவிட்டார்.

அது சிவனொளிபாதமலை. கடல்மட்டத்துக்கு மேல் 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி. பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்து நின்றும், கண்ணைக் கவர்வது இந்த மலையே. காரணம் அதன் கூம்பு வடிவம். சப்பானியரின் பூசி மலைப் படத்தோடு இதன் படத்தை வைத்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலிருக்கும். ஆனால் பூசி நெருப்பு உமிழ்ந்து எழுந்தது. நமது மலையோ மிகப் பழைய பாறையை மழையும் ஆறும் கோடானுகோடி ஆண்டுகள் அரித்துச் செதுக்க மிஞ்சியது. சைவர் சிவபெருமானின் பாதம் என்றும், பௌத்தர் புத்தரின் பாதம் என்றும், இசுலாமியர் ஆதாமின் பாதம் என்றும் உச்சியிலுள்ள அடிச்சுவட்டை வணங்குவர். போர்த்துக்கேயர் காலத்துக் கிறித்தவர் சிலர் அதைத் தோமையாருக்கு உரியதாக்கினர். என் ஆசிரியர் இதனைச் சொல்லும்போது எந்தப் பக்கமும் சாயாமல் சொன்னார் என்பதை இங்கே நன்றியோடு குறிக்கிறேன்.

இம்மலையைக் கடலிலிருந்து பார்த்து, வானத்திலே எழும் புகைத்தூணுக்கு ஒப்பிட்ட ஒரு பிரயாணி உண்டு. அவர் பெயர் இபுனு பதூதா. மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரத்தவர். 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய கப்பலைக் காற்று திசைமாற்றி இலங்கைக் கரைக்குத் தள்ளிவிட்டது. புகைத்தூணைக் கண்டு அவர் மகிழ, மாலுமிகள் நடுங்கினார்கள். அந்தத் துறை ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டது, அவன் கொடியவன், அவனுடைய கப்பல்கள் கடற்கொள்ளை செய்வன என்பது அவர்கள் கேள்விப்பட்டது. புயல் எழுந்தபடியால் வேறு வழியில்லை. "என்னை இறக்கிவிடுங்கள், நான் போய் அபயம் வாங்கி வருகிறேன்" என்ற கருத்திலே பேசி இபுனு பதூதா கரை இறங்கினார்.

யாழ்ப்பாணத்து அரசனாகிய ஆரியச்சக்கரவர்த்தி அப்போது புத்தளத்திலே தங்கியிருந்தான். அவனை மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். மரமதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய ஊர் அது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையிலே மேடு மேடாகக் கிடந்தன என்று அவர் சொல்கிறார். அரசன் எழுந்து வந்து வரவேற்றான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது! தமிழரசன் ஒருவன் தூரதேசத்து விருந்தாளியோடு பாரசீக மொழியறிவு கொண்டு உறவாடினான் என்ற இச்செய்தி நம்முடைய பாடப் புத்தகங்களிலே பெரிய எழுத்தில் இருக்கவேண்டியது. நான் படித்த புத்தகத்திலே சிறிய எழுத்திலும் இல்லை.

மூன்று நாள் உபசாரத்தின் பின், முத்துகளையும் பரிசளித்து, வேண்டியதைக் கேள் என்றான் அரசன். பாதமலையைத் தரிசிப்பதைத் தவிர வேறு ஆசை இல்லை என்றார் விருந்தாளி. அது எளிது, வழிகாட்டிகளை அனுப்புகிறோம் என்று அரசன் ஏற்றுக்கொண்டான். இனித்தான் நமக்கு வேண்டிய பகுதி தொடங்குகிறது. மலையேறப் போகிறவனுக்கு அரசன் செய்த ஏற்பாடு இது: தோளிலே சுமக்கும் ஆட்களோடு ஒரு பல்லக்கு, ஆண்டுதோறும் பாதயாத்திரை போய்ப் பழகிய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரண்மனை ஆட்கள் பதின்மர், உணவுப் பொதி சுமப்பவர் பதினைவர். பல்லக்குத் தூக்கிகளை நீக்கியே முப்பத்திரண்டு பேர். தண்ணீர் சுமக்க ஆள் இல்லை, வழியெல்லாம் தண்ணீர் உண்டு என்பதால். கப்பலையும் அரசன் மறக்கவில்லை. கப்பல்காரன் எத்தனை நாள் காத்திருந்தாலும் அவன் தன் விருந்தாளியே என்று சொல்லி, திரும்பும் வழியையும் முன்னதாகவே அடைத்துவைத்தான்.

இந்தப் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை வாசித்துப் பாருங்கள். யார் யாரை, எதற்காக, எத்தனை பேர் என்று எண்ணி அனுப்பிய கணக்கு அது. பொதி சுமப்பவரின் தொகை மற்ற எந்தத் தொகையிலும் பெரிது. முன் போனவனைத் தேடிப்பிடித்து முன்னே நடக்கவிட்டிருக்கிறான் அரசன். மாலுமிகள் கொடியவன் என்று சொன்ன அந்த மனிதனே, மதம் வேறு, மொழி வேறு, தேசம் வேறு ஆன ஒருவனின் வேண்டுதலுக்கு இவ்வளவும் செய்தான். சரித்திரத்திலே ஒருவனைப் பற்றி இரண்டு சாட்சிகள் இப்படி எதிர்மாறாகப் பேசும்போது, இரண்டையும் வைத்துக்கொள்வதே நேர்மை என்று நினைக்கிறேன். அவன் கப்பல்கள் கொள்ளையடித்தும் இருக்கலாம்.

அன்று மாலை ஓர் ஆற்றங்கரையிலே தங்கி, மூங்கில் தெப்பத்திலே ஆற்றைக் கடந்தார்கள். அடுத்தது மனார் மந்தலி என்று அவர் எழுதும் ஊர். அரசனின் ஆட்சி எல்லை அதுவே. அங்கே காட்டிலே உயிரோடு பிடித்த எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று பெருவிருந்து. பின்பு பந்தர் சலாவாத்து, சிலாபம் என்பர். அதன்பின் யானைகள் திரியும் கரடுமுரடான நாடு. குனக்கார் என்று அவர் கூறும் சிங்கள அரசனின் தலைநகர் குருநாகல் என்பாரும், வேறிடம் என்பாரும் உளர். எல்லை கடந்தபின் தமிழரசனின் பெயர் எவ்வளவு தூரம் உதவியிருக்கும்? அதற்கப்பால் பயணத்தைக் கொண்டுசென்றது யோகிகளின் காலறிவே என்று ஊகிக்கிறேன்.

குகைகள், குரங்குகள், மூங்கிற்காடு எல்லாம் கடந்து அவர் ஓரிடத்திலே அட்டையைச் சந்திக்கிறார். மரத்திலும் நீரோரப் புல்லிலும் இருந்து மனிதன் கிட்ட வந்ததும் பாய்ந்து பற்றும் என்றும், யாத்திரிகர் தேசிக்காயைக் கையிலே ஆயத்தமாக வைத்திருந்து அதன்மேல் பிழிவர் என்றும், அது விழுந்ததும் அதற்கென்றே வைத்திருக்கும் மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டுவர் என்றும் எழுதுகிறார். இதை நான் முதலிலே வாசித்தபோது பிரயாணிகளின் மிகைக்கூற்று என்று தள்ளிவிட்டேன். அப்படித் தள்ளியதற்கு விலை கொடுத்தேன்.

சென்ற ஆண்டு ஆடி விடுமுறையிலே நண்பர் அறுவர் இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறி நல்லதண்ணிப் பக்கத்தால் இறங்குவதென்று புறப்பட்டோம். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையே யாத்திரைக் காலம் என்பதும், அதன்பின் தென்மேற்குப் பருவமழை கொட்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாதவையல்ல. பரீட்சையிலே கேட்டால் எழுதியிருப்போம். ஏற்றத்துக்கு ஒரு நாள், இறக்கத்துக்கு ஒரு நாள் என்று ஒரு தாளிலே குறித்ததே எங்கள் திட்டம். பாணும் மீன் டின்னும் போதும் என்றார் ஒருவர். வழிக்குக் கைப்பேசி இருக்கிறது என்றார் இன்னொருவர். யாத்திரை ஓய்ந்த காலமாகையால் வழிக்கடைகள் பூட்டிக்கிடந்தன, விளக்கு இல்லை. இரண்டு மணித்தியால மழையிலே கைப்பேசி கண்ணை மூடிக்கொண்டது. காற்சட்டையைச் சுருட்டிப் பார்த்தபோது, முழங்காலுக்குக் கீழே கருமணி கோத்தது போல அட்டைகள்.

பயந்துபோய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, விறகுக்கட்டோடு இறங்கி வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் கட்டை இறக்கிவைத்தார். "புடுங்காதீங்க தம்பி, ரத்தம் நிக்காது" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்துக் கடித்துக் கிழித்துப் பிழிந்தார். அட்டைகள் சுருண்டு விழுந்தன. 1344 இல் அந்த மொரோக்கோக்காரர் கண்ட அதே வைத்தியம்! அவர் இபுனு பதூதாவை வாசித்திருக்க வாய்ப்பில்லை; எனக்கோ வாசித்தும் பயன்படவில்லை. அவர் எங்களைத் தம் லயத்துக்கு அழைத்துச் சென்று, தேநீரும் ரொட்டியும் தந்து, காலையில் பஸ் ஏறும் சந்திவரை கொண்டுவந்து விட்டார். மலையுச்சியை நாங்கள் காணவில்லை.

இபுனு பதூதா கண்டார். பாறையிலே வெட்டிய படிகளையும், இரும்பு முளைகளிலே தொங்கவிட்ட சங்கிலிகள் பத்தையும் பற்றி ஏறினார். ஏறும் வழி இரண்டு: கடினமானது ஆதாமின் பெயரால் பாபா வழி, எளிதானது ஏவாளின் பெயரால் மாமா வழி. எளிதான வழியால் ஏறினவன் யாத்திரை செய்தவனாக எண்ணப்படான். ஆகவே கடின வழியால் ஏறி, எளிய வழியால் இறங்கினார். உச்சிக்கு இரண்டு மைல் கீழே ஒரு குகையிலே பொதிகளை எல்லாம் வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுவது வழக்கமாம். மூன்று நாள் அக்குகையிலே தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்தார்.

கீழே ஒரு தங்குமிடம், பொதி அங்கே, உடம்பு மட்டும் மேலே: இந்த முறை உண்மையான எரிமலை ஒன்றிலும் வெற்றி தந்தது. ஆபிரிக்காவின் கிளிமாஞ்சாரோ பூமத்தியரேகைக்கு அருகே 5,895 மீற்றர் உயர்ந்த எரிமலை. அதன் தலையிலே பனி இருக்கிறது என்று 1848 இல் ரெப்மான் என்னும் மிசனரி எழுதியபோது, இலண்டனிலே நாற்காலியில் இருந்த பூமிசாத்திரிகள் நம்ப மறுத்தார்கள். செருமானியரான ஆன்சு மேயர் 1887 இல் பனிச்சுவரிலே முட்டித் திரும்பினார். 1888 இல் கரையோரக் கிளர்ச்சியிலே சிறைப்பட்டு மீட்புப்பணம் கொடுத்து வெளிவந்தார். 1889 இல் முறையை மாற்றினார். லூத்விக் பூர்ட்செல்லர் என்னும் தேர்ந்த மலையேறியைத் துணைகொண்டு, மலைச்சரிவிலே வெவ்வேறு உயரங்களில் தங்குமிடம் அமைத்து, அடிவாரத்து மராங்குவிலிருந்து சில நாட்களுக்கு ஒருமுறை உணவு ஏறிவரச் செய்தார். அதனாலே ஒருநாள் முயன்று தவறினாலும் அடிவாரம்வரை இறங்கவேண்டியதில்லை. ஒக்டோபர் 3 ஆம் திகதி எரிமலை வாயின் விளிம்புவரை போய்க் களைத்துத் திரும்பியவர்கள், 6 ஆம் திகதி உச்சியிலே நின்றார்கள். உச்சிக்குச் செருமானியச் சக்கரவர்த்தியின் பெயரைச் சூட்டினார் மேயர். தங்கனீக்கா 1961 இல் சுதந்திரம் பெற்றபின் அதன் பெயர் உகுரு. சுவாகிலி மொழியிலே சுதந்திரம் என்பது பொருள்.

மேயரின் மேல்முகாமிலே அந்தக் குளிரில் விறகும் தண்ணீரும் தேடிச் சமைத்துக்கொண்டு இருந்தவர் பங்கானி ஊரவரான முயினி அமானி. உச்சியேறியவர் பட்டியலிலே அவர் இல்லை. ஆனால் மேயர் அவருடைய பெயரை எழுதிவைத்தார். அதனாலே நமக்குத் தெரிகிறது. இபுனு பதூதா தம் நூலைச் சொல்லி எழுதுவித்து முடித்தது 1355 இல். பதினொரு ஆண்டு கழிந்தும் குகைகளின் பெயரெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. நான்கு யோகிகளில் ஒருவர் பெயரும் இல்லை. பதினைந்து பொதிகாரரின் பெயரும் இல்லை. ஏறிவிட்டு அவர் புகழடைந்தார். ஏற்றிவிட்டவர்கள் தொகையாக மட்டும் நிற்கிறார்கள். இக்குறையை ஒரு கட்டுரையாகச் சூடாக எழுதி, போன மாதம் எங்கள் நண்பர் வட்டத்திலே வாசித்தேன். வாசித்து முடிந்ததும், எப்போதும் பேசாத நண்பர் ஒருவர், "நமக்குத் தேசிக்காய் பிழிந்தவரின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

அறுவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் வீட்டிலே ஒரு இரவு உறங்கியிருக்கிறோம்.

வருகிற தைப்பூசம் கழிந்ததும் மறுபடி புறப்படுகிறோம். இம்முறை நான்கு நாள். முதல் நாள் இரத்தினபுரி. இரண்டாம் நாள் நடை, இடையிலே தங்கல். மூன்றாம் நாள் பொதியைக் கீழே வைத்துவிட்டு உச்சி. நான்காம் நாள் வந்த வழியே இறக்கம். நல்லதண்ணிப் பக்கம் இறங்குவதைக் கைவிட்டோம், அந்த லயம் இரத்தினபுரிப் பக்கத்திலே இருப்பதனால். அரிசி, பருப்பு, மாற்றுடை, மழைக்கு மெழுகுசீலை, தேசிக்காய் முப்பது. வீட்டிலே அம்மா பனங்கட்டியும் பயற்றம் பணியாரமும் தனிப் பொதியாகக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது நாங்கள் உண்பதற்கல்ல.