களிம்பும் காப்பும்

இரும்பில் படிவது துரு. செம்பில் படிவது களிம்பு. உலோகச் சிதைவைத் தமிழ் இவ்வாறு பிரித்துப் பெயரிட்டிருப்பதை நாம் அறிவோம். செம்பின் சிதைவு வெறும் கேடுதானா? பிரித்தானியக் கடற்படையின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

மரக்கப்பல்களின் அடிப்பகுதியைக் கப்பற்புழுக்கள் துளைத்தன. அதைத் தடுக்க 18ஆம் நூற்றாண்டில் செப்புத் தகடு போர்த்தினர். அத்தகட்டைக் கடல்நீர் அரித்தது. 1823இல் கடற்படையினர் வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவியை நாடினர். அரிப்பு மின்வேதி வினை என உணர்ந்த அவர், செம்பைவிட எளிதில் அரிபடும் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைத் தகட்டோடு இணைத்தார். அவை தாம் கரைந்து செம்பைக் காத்தன.

ஆயினும், காக்கப்பட்ட தகட்டில் கொட்டலசுகளும் பாசியும் ஒட்டி வளர்ந்தன. கப்பல்களின் வேகம் குன்றியது. சிறிது சிறிதாகக் கரைந்த செம்பின் நச்சுத்தன்மையே அதுவரை அவ்வுயிர்களை விலக்கி வந்தது. அரிப்பு நின்றதும் அக்காவலும் நின்றது. சில ஆண்டுகளில் கடற்படை அம்முறையைக் கைவிட்டது.

டேவியின் கோட்பாடு பிழையன்று. இன்றைய எஃகுக் கப்பல்களில் அரிப்பைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். உயிர்கள் ஒட்டாதிருக்கச் செப்புச் சேர்மம் கலந்த பூச்சைத் தனியே பூசுகின்றனர். அன்று ஒரே தகடு இவ்விரண்டாம் பணியையும் செய்துவந்தது. ஒரு சிதைவைத் தடுக்குமுன் அதனால் விளையும் பயனையும் ஆராய வேண்டும் என்பதை மாணாக்கர்க்கு நாம் இதன்வழி உணர்த்தலாம்.