புள்ளிக் காசு

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் போக்கர் மேசையில் சீட்டு போடுபவர், தனக்கு விழும் டிப்ஸைப் பெரும்பாலும் தானே வைத்துக்கொள்வார். மற்ற ஆட்ட மேசைகளில் அது பொது உண்டியலுக்குப் போய்ப் பிரியும். கை வேகமாக ஓடினால் ஆட்டம் கூடும், காசும் கூடும். பொது உண்டியலில் அந்த வேகம் குறையலாம். ஆனா மந்தமான மேசையில் மாட்டினவனும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மாட்டான்.

நம்மூர் ஹோட்டல்கள் உண்டியல் பக்கம். பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். தொழிற்சங்க ஒப்பந்தப்படி அது புள்ளிக் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரியும். படிக்கிற காலத்தில் பி.ஜே.யில் விருந்துகளுக்குத் தட்டு தூக்கப் போவேன். எனக்கு நாள்கூலிதான். அங்கிருந்த அண்ணன்மார் மாதக் கடைசியில் சம்பளத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. "இந்த மாசம் பாயிண்ட் எவ்ளோ?" அவ்வளவுதான் பேச்சு.

2013இல் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. அந்தத் தொகையை எட்ட, சேவைக் கட்டணத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சம்பளத்தோடு சேர்க்கலாம் என்றது பெட்டாலிங் ஜெயாவின் கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டல். அதாவது, ஊழியரின் காசிலேயே ஊழியருக்குச் சம்பள உயர்வு! ஹோட்டல் தொழிலாளர் சங்கம் விடவில்லை. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021இல் தீர்ப்பு: அந்தப் பணம் ஹோட்டலுடையதே அல்ல, ஊழியர்களுக்காக அது பொறுப்பேற்று வைத்திருக்கும் பணம்.

ஆனால் சேவைக் கட்டணத்தை விதிப்பது சட்டம் இல்லை, ஒப்பந்தம். சங்கமே இல்லாத பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் பில்லில் அந்த 10 விழுக்காட்டைப் பார்த்தால், "இது உங்களுக்கு வருதாண்ணே?" என்று பரிமாறுபவரிடம் கேட்டுவிடுகிறேன்.