கர்ணத்தின் கணக்குப்பெட்டி

ராசிபுரத்திலிருந்து நாமக்கல், திருச்செங்கோடு வரை பரந்து கிடக்கும் சேலத்துச் சமவெளியில், தன் புன்செய்க்கு எல்லை எது, தீர்வை எவ்வளவு, பட்டா எவர் பெயரில் நிற்கிறது என்று அறிய விரும்பிய குடியானவன், தலைமுறை தலைமுறையாகச் சென்று காத்து நின்ற இடம் கிராமக் கணக்கரான கர்ணத்தின் வீட்டுத் திண்ணையே. சிட்டாவும் அடங்கலும் சர்க்காருடைய கணக்குகள். ஆயினும் அவை கிடந்த பெட்டியோ கர்ணத்தின் வீட்டில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் அதிகாரிகள் அவற்றைப் புரட்டிப் பார்ப்பார்கள். நிலத்தை உழுதவன் பார்ப்பதோ கர்ணத்தின் தயவைப் பொறுத்தது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமஹாலும் சேலமும் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியார் வசமானபோது, அவர்களுடைய அதிகாரியான அலெக்ஸாண்டர் ரீட் என்பவர் தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்களைக் கொண்டு நிலத்தை அளந்து, குடியானவனோடு சர்க்கார் நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறைக்கு இந்த மண்ணிலேயே வித்திட்டார். இடைத்தரகனை விலக்குவதே அம்முறையின் உட்கருத்து. ஆனால் எழுத்தறியாத குடிக்கும் எழுத்தையே நம்பிய அரசுக்கும் நடுவே கணக்கெழுதும் கை ஒன்று விலக்க முடியாததாக நின்றது. அந்தக் கை இன்ன வம்சத்துக் கையாக இருக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு 1895-ம் வருஷத்துப் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் வலுவளித்தது.

இக்காலத்துக் கணினியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. ஒரு கோப்பை இன்னார் படிக்கலாம், இன்னார் திருத்தலாம் என்று பெயர் குறித்து எழுதிவைக்கும் அனுமதிப் பட்டியல், 1960-களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் அமைப்பிலேயே இடம்பெற்றது. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் அத்தகைய பட்டியலை நீக்கிவிட்டால் கோப்பு ஊருக்கெல்லாம் திறந்துவிடுவதில்லை. உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையாருக்கு விதிக்கப்பட்ட அடிப்படை உரிமைகளே எஞ்சி நிற்கின்றன. ஏனையோருக்கு முன்னமே ஒன்றும் வழங்கப்படாதிருந்தால், பட்டியல் போன பின்னும் அவர்களுக்கு ஒன்றுமில்லை.

நம் கிராமக் கணக்கிலும் இதுவே நிகழ்ந்தது. ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 1960 டிசம்பரில், வம்சத்தை முன்னிட்டுக் கிராம உத்தியோகம் அளிப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் கர்ணமும் கிராமத் தலைவரான மணியக்காரரும் தத்தம் ஸ்தானத்திலேயே இருந்து வந்தனர். பின்னர் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் 1980 நவம்பர் 14 முதல் பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் யாவற்றையும் ஒழித்தது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. அநேக குடும்பங்களின் ஜீவனம் அதனால் திடீரென அறுந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நேர்மையோடு கணக்கெழுதிய கர்ணங்களும் இருந்தார்கள். ஆயினும் பிறப்பினால் வந்த பாத்தியதை போகவேண்டியதே.

அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பெட்டி வீட்டை விட்டு அலுவலகம் சேர்ந்தது. குடியானவனோ திண்ணையில் நின்றவன் அலுவலக வாசலில் நின்றான். ஏனையோருக்கும் படிக்கும் உரிமை உண்டென்று எழுதப்பட்டது அதன் பிறகே. நாமக்கல் தனி மாவட்டமான 1997-ம் ஆண்டிலேயே தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டமும், 2005-ல் அதனினும் வலிய மத்தியச் சட்டமும் வந்தன. கணக்குகள் கணினியில் ஏற்றப்பட்ட பின், பரமத்தியில் இருப்பவரும் பட்டா எண்ணையோ சர்வே எண்ணையோ கொடுத்துத் தம் நிலத்தின் விவரத்தைத் தாமே பார்க்க முடிகிறது. திருத்தும் அதிகாரம் மட்டும் இன்னும் சிலர் கையிலேயே இருக்கிறது; உட்பிரிவு செய்ய வேண்டுமானால் மனுக் கொடுத்து, நில அளவையர் வந்து அளந்து, உத்தரவு பெற்றாக வேண்டும். அளவைக்கு வருஷக்கணக்கில் காத்திருப்போர் படும் துன்பம் தீர்க்கப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த அனுமதியையும் எடுத்துவிடச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை, ஏனெனில் அரை ஏக்கர் வைத்திருப்பவனுடைய பெயரை இரவோடிரவாக எவரும் அழிக்க முடியாமலிருப்பது அதனால்தான்.