நவூரு: மண்ணைக் கப்பலேற்றிய நாடு



சிக்கனத்தைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் என் வகுப்பில் நான் தவறாமல் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலில் நவூரு என்றொரு குட்டித் தீவு. அந்நாட்டு மக்கள் தங்கள் நிலத்தடியில் கிடைத்த பாஸ்பேட்டைத் தோண்டி விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார்கள். வந்த பணத்தையெல்லாம் வீணடித்தார்கள். இறுதியில் நிலமும் போயிற்று, பணமும் போயிற்று. ஆகவே, மாணவர்களே, சேமித்து வாழுங்கள் என்று முடிப்பேன். கதையும் சுவையாக இருக்கும். பாடமும் எளிதாக முடிந்துவிடும்.

ஒருநாள் கதையைக் கேட்டு முடித்த நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, முதன்முதலில் அந்தக் குழியைத் தோண்டியவர் யார்?" என்று கேட்டாள். "அந்நாட்டு மக்கள்தாம்" என்று சொல்லத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நான் இத்தனை ஆண்டுகள் பாதிக் கதையை மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நில அமைப்பு

நவூரு, பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில் அமைந்துள்ள தனித் தீவு. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே. நம் பினாங்குத் தீவைப் பதினான்கு கூறுகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு நாடு! உலகின் மிகச் சிறிய குடியரசு இதுவே. மிக அருகில் உள்ள நிலம், கிழக்கே 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பனாபா தீவு. அது இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது.

தீவைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டு. அதற்கு உட்புறத்தில் ஒடுங்கிய கரையோரச் சமவெளி. மக்களின் வீடுகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் விமான ஓடுபாதையும் இந்த ஒடுங்கிய பகுதியிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. தீவைச் சுற்றி ஓடும் சாலையின் நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நடுவில் மேட்டுநிலம்; அதுவே தீவின் ஐந்தில் நான்கு பங்கு. தென்மேற்கில் புவாடா என்னும் சிறு நீர்நிலை உண்டு. கடலில் பிடித்த பால்மீன் குஞ்சுகளை அங்கே விட்டு வளர்ப்பது நவூரு மக்களின் பழைய வழக்கம்.

ஆறு இல்லை, ஓடை இல்லை. மழைநீரையும், இக்காலத்தில் உப்பகற்றிய கடல்நீரையும் நம்பியே வாழ்கிறார்கள். தென்னை, தாழை, புன்னை ஆகியவை அங்கே வளரும் மரங்கள். இந்த மூன்று பெயர்களையும் படித்தபோது ஒரு தமிழாசிரியனாக எனக்கு வியப்பே ஏற்பட்டது. நெய்தல் நிலத்தைக் கற்பிக்கும்போது நாம் சொல்லும் மரங்களல்லவா இவை!

மக்கள்

இன்று நவூருவின் மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. நம் நாட்டில் ஒரு சிறு பட்டணத்தின் அளவுகூட இல்லை. நவூருவ மொழி, மைக்ரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலமும் பரவலாக வழங்குகிறது. மக்கள் பன்னிரண்டு குலங்களாகப் பிரிந்திருந்தனர். பிள்ளைகள் தாயின் குலத்தையே சேர்வர். நாட்டுக் கொடியில் உள்ள வெண்ணிற விண்மீனுக்குப் பன்னிரண்டு முனைகள் இருப்பதன் காரணம் இதுவே. நீல நிறம் கடலையும், நடுவிலுள்ள பொன்னிறக் கோடு பூமத்திய ரேகையையும் குறிக்கின்றன. விண்மீன் அக்கோட்டிற்குக் கீழே இருக்கிறது. நாடு ரேகைக்குத் தெற்கே இருக்கிறதல்லவா! ஒரே கொடியில் நிலவியலும் வரலாறும் அடங்கியிருப்பது வகுப்பில் கற்பிக்க ஏற்றது.

1798-ஆம் ஆண்டு அவ்வழியே சென்ற ஜான் ஃபெர்ன் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இதற்கு 'இனிய தீவு' என்ற பொருளில் பெயரிட்டார். பின்னர் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வரத் தொடங்கின. அவற்றோடு துப்பாக்கியும் மதுவும் வந்து சேர்ந்தன. 1878-இல் குலங்களுக்கிடையே மூண்ட போர் பத்தாண்டுகள் நீடித்தது. 1888-இல் ஜெர்மனி தீவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து, துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்தபோதுதான் போர் ஓய்ந்தது.

குழியைத் தோண்டியவர்கள்

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

சிட்னி நகரில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாதிருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அது நவூருவிலிருந்து வந்த கல். அங்குப் பணியாற்றிய ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்து, அது உயர்தரமான பாஸ்பேட் என்று கண்டறிந்தார். பயிர்களுக்கு உரமாகும் பாஸ்பேட்டுக்கு அக்காலத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் பண்ணைகளில் பெருந்தேவை இருந்தது. 1907 முதல் நவூருவின் மண் கப்பலேறத் தொடங்கிற்று. தோண்டும் வேலைக்குச் சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். நிலத்தின் உரிமையாளர்களான நவூருவ மக்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி.

முதல் உலகப் போர் மூண்டதும், 1914-இல் ஆஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. 1919-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையத்தை நிறுவின. கிடைப்பதில் பிரிட்டனுக்கு 42 விழுக்காடு, ஆஸ்திரேலியாவுக்கு 42 விழுக்காடு, நியூசிலாந்துக்கு 16 விழுக்காடு. கூட்டிப் பாருங்கள், நூறு ஆகிவிட்டது! நவூருவுக்கென்று அந்தக் கணக்கில் இடமே இல்லை. அதுமட்டுமன்று, அந்த நாடுகளின் விவசாயிகளுக்கு உரம் சந்தை விலையில் அன்றி, அடக்க விலையிலேயே வழங்கப்பட்டது. இத்தனைக்கும், மக்கள் நலனுக்காகவே ஆள வேண்டும் என்ற பொறுப்போடு உலக நாடுகளின் சங்கம் அத்தீவை ஒப்படைத்திருந்தது.

இந்த ஆணையத்தின் கை நம் வட்டாரத்திற்கும் நீண்டது. 1900 முதல் சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்டு, 1958-இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்ட கிறிஸ்துமஸ் தீவிலும் பாஸ்பேட் சுரங்கம் இருந்தது. 1949-க்குப் பிறகு அச்சுரங்கத்தை நடத்தியது இதே ஆணையம்தான். அங்கே வெயிலில் மண் வெட்டியவர்கள் சீனரும் மலாய்க்காரருமான தொழிலாளர்கள்.

1,500 என்னும் எண்

1920-இல் பரவிய விஷக் காய்ச்சல் நவூருவில் பலரைக் கொன்றது. ஓர் இனம் அழியாமல் நிலைத்திருக்கக் குறைந்தது 1,500 பேராவது தேவை என்று அக்காலத்தில் கணிக்கப்பட்டது. 1932 அக்டோபர் 26-ஆம் நாள் பிறந்த ஒரு குழந்தையால் அந்த எண்ணிக்கை நிறைவடைந்தது. அந்நாளை 'அங்காம்' என்ற பெயரில் இன்றும் தேசியத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். போர் வெற்றிக்காகவும் மன்னர் பிறந்ததற்காகவும் விழா எடுக்கும் நாடுகளை நாம் அறிவோம். "நாங்கள் அழிந்துவிடவில்லை" என்பதற்காக விழா எடுக்கும் நாடு இது.

ஆனால் அந்த மகிழ்ச்சி பத்தாண்டுகளே நீடித்தது. 1942-இல் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். மறு ஆண்டில், தொழுநோயாளிகள் 39 பேரைப் படகிலேற்றிக் கடலில் கொன்றனர். 1,200 நவூருவ மக்கள் வடமேற்கே ட்ரக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். போர் முடிந்து, 1946 ஜனவரி 31-ஆம் நாள் தாய்மண்ணை மிதித்தவர்கள் 737 பேர். சயாம் மரண ரயில் பாதைக்குச் சென்று திரும்பாத நம் தோட்ட மக்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த எண்களின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் ஒருவரின் தலைமை

ட்ரக்கிலிருந்து உயிரோடு திரும்பியவர்களுள் ஹாமர் டி ரோபர்ட் என்பவரும் ஒருவர். ஆஸ்திரேலியாவில் கல்வி கற்றுத் தம் தீவில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1956-இல் தலைமைத் தலைவரானார். பாஸ்பேட் தீர்ந்துவிட்டால் தீவில் வாழ முடியாது என்று கூறிய ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்துக்கு அருகிலுள்ள கர்ட்டிஸ் தீவில் மக்களைக் குடியமர்த்துவதாக 1960-களில் முன்வந்தது. ஆனால் அங்கே அவர்கள் தனி நாட்டினராக அன்றி, ஆஸ்திரேலியக் குடிமக்களாகவே வாழ வேண்டியிருக்கும். 1964-இல் நவூரு மக்கள் அதை மறுத்துவிட்டனர். பாழ்பட்ட நிலமானாலும் சொந்த நிலமே வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

1968 ஜனவரி 31-ஆம் நாள் நவூரு சுதந்திரம் பெற்றது. ட்ரக்கிலிருந்து திரும்பிய அதே நாளைத்தான் சுதந்திர நாளாகத் தேர்ந்தெடுத்தார்கள். டி ரோபர்ட் முதல் அதிபரானார். சுரங்கத்தை 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி கொடுத்து ஆணையத்திடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். தம் மண்ணைத் தோண்டும் உரிமையைத் தாமே பணம் கொடுத்துப் பெற வேண்டியிருந்தது!

அரசாங்கம்

நாடாளுமன்றத்தில் 18 இடங்கள் இருந்தன. 2013 முதல் 19. மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரே நாட்டின் தலைவர்; அரசாங்கத்தின் தலைவரும் அவரே. தவணை மூன்றாண்டுகள். 20 வயது நிரம்பியவர்கள் கட்டாயம் வாக்களிக்க வேண்டும். 14 மாவட்டங்கள், 8 தேர்தல் தொகுதிகள். சட்டப்படி தலைநகர் என்று எதுவும் இல்லை. நாடாளுமன்றம் யாரென் மாவட்டத்தில் உள்ளது. இராணுவம் கிடையாது. பணம் ஆஸ்திரேலிய வெள்ளி. ஐக்கிய நாடுகள் மன்றத்தில் 1999-இல் உறுப்பியம் பெற்றது.

1971 முதல் அங்கு நடைமுறையிலுள்ள வாக்கு முறை கணித ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். வேட்பாளர்களை வாக்காளர் வரிசைப்படுத்துகிறார். முதலிடம் பெற்றவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு ½, மூன்றாமவருக்கு ⅓, நான்காமவருக்கு ¼. பின்னங்களைக் கூட்டி, அதிகப் புள்ளி பெற்றவர்களை வெற்றியாளராக அறிவிக்கிறார்கள். பின்னம் கற்பிக்கும்போது மாணவர்களைக் கொண்டு இப்படி ஒரு வகுப்புத் தேர்தல் நடத்திப் பாருங்கள்.

செல்வமும் சரிவும்

நான் வகுப்பில் சொல்லி வந்த பகுதி இதுதான். இது பொய்யன்று. 1970-களில் நவூரு, தனிநபர் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இருந்தது. மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். சொந்த விமான நிறுவனம் நடத்தினார்கள். 1993-இல் லண்டனில் ஓர் இசை நாடகத்திற்குப் பணத்தைக் கொட்டி இழந்தார்கள். தவறான முதலீடுகளும் மோசடிகளும் கடனும் சேர்ந்து, 2004-இல் அந்த மெல்பர்ன் கட்டடமும் விற்பனையாயிற்று. வாழ்க்கை முறை மாறியதால் நீரிழிவு நோயும் பரவிற்று. 2001-இல் ஆஸ்திரேலியா, படகுகளில் புகலிடம் தேடி வந்தவர்களை அடைத்து வைக்கும் முகாமை இங்கே அமைத்தது. பணமில்லாத நாடு இசைந்தது. 2007-இல் அங்கு அனுப்பப்பட்ட இலங்கையருள் பெரும்பாலோர் தமிழர் என்பதை நாம் மறக்கலாகாது. 2008-இல் மூடப்பட்ட முகாம், 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆனால் இவற்றுக்கு இணையாக நடந்த இன்னொன்றை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. சுதந்திரத்திற்கு முன்னர் தோண்டிப் பாழாக்கிய நிலத்தைச் சீர்செய்து தரவேண்டியது யார் பொறுப்பு என்று நவூரு கேட்டது. 1986-இல் இலங்கைச் சட்ட அறிஞர் சி. ஜி. வீரமந்திரியின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1989-இல் ஆஸ்திரேலியாவை அனைத்துலக நீதிமன்றத்திற்கே இழுத்தது. வழக்கை விசாரிக்கக் கூடாது என்ற ஆஸ்திரேலியாவின் மறுப்பை நீதிமன்றம் 1992-இல் பெரும்பாலும் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டில் 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி தருவதாக ஆஸ்திரேலியா உடன்பட்டு, வழக்கு முடிவுக்கு வந்தது. பிரிட்டனும் நியூசிலாந்தும் அதில் ஒரு பங்கை ஏற்றன. டி ரோபர்ட் அதைக் காணவில்லை, 1992-இல் காலமாகிவிட்டார்.

பணம் வந்தது, ஆனால் நிலம் திரும்பவில்லை. மேட்டுநிலத்தில் இன்றும் பவளச் சுண்ணாம்புப் பாறைகள் பல்வரிசை போலக் கூராக நிற்கின்றன. கடல் மட்டம் உயர்ந்து வரும் இக்காலத்தில், கரையோர மக்கள் பின்வாங்கிச் செல்ல வேண்டிய ஒரே இடமும் அதுதான். 2015-இல் வருங்காலத் தலைமுறைக்கென அறக்கட்டளை நிதி ஒன்றைத் தொடங்கி, மீண்டும் சேமிக்க முற்பட்டிருக்கிறார்கள்.

வாசகர்களே, சிக்கனத்தின் பாடம் இந்தக் கதையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கதையின் இரண்டாம் பாதி. 1907 முதல் 1968 வரை அறுபது ஆண்டுகள் பிறர் அள்ளிச் சென்றதைச் சொல்லாமல், பிறகு அவர்கள் செலவழித்ததை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஏழையானவனைப் பார்த்து "ஊதாரி" என்று சொல்வது எளிது. நம் தோட்ட மக்களைப் பற்றியும் பிறர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது நமக்கு வலித்ததல்லவா?

மறுவாரம் அந்த மாணவியை அழைத்து, முழுக் கதையையும் வகுப்பிற்குச் சொன்னேன். "அப்படியானால் அவர்கள்மேல் தவறே இல்லையா, ஐயா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். "இருக்கிறது, ஆனால் அவர்கள்மேல் மட்டும் இல்லை" என்றேன். கரும்பலகையில் 42, 42, 16 என்று எழுதிக் கூட்டச் சொன்னேன். கூட்டிவிட்டு, சிறிது நேரம் எவரும் பேசவில்லை.