மரவள்ளி மாவுப்பூச்சி: பூச்சிக்கொல்லி தோற்ற இடத்தில் வென்ற குளவி

பெங்களூரு: மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1970-களில் ஆப்பிரிக்காவில் பரவி, கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவுப் பயிரைச் சிதைத்தது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பயிரிடும் சேலம், நாமக்கல் விவசாயிகளின் வயல்களுக்கும் பரவியது.

ஆண் பூச்சியின்றியே பெண் பூச்சிகள் இனப்பெருக்கம் செய்வதால் இது வேகமாகப் பெருகுகிறது. சாறு உறிஞ்சப்பட்ட செடியின் நுனி இலைகள் சுருங்கிக் கொத்தாகின்றன. கிழங்கு மகசூல் குறைகிறது. உடலை மூடிய மெழுகுப் படலமும் சுருண்ட இலைகளும் பூச்சியைக் காப்பதால், மருந்துத் தெளிப்பு முழுப் பலன் தருவதில்லை.

ஆப்பிரிக்காவைக் காத்தது 'அனாகிரஸ் லோபேசி' என்னும் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. இத்திட்டத்தை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இக்குளவியை ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் குளவிகள் வயலில் விடப்பட்டன.

குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு அதனை உள்ளிருந்தே தின்று கொல்லும்.

விவசாயிகள் பூச்சியற்ற கரணைகளையே நட வேண்டும்; பாதித்த வயல்களிலிருந்து கரணைகளைக் கொண்டுசெல்லக் கூடாது. குளவி விடப்பட்ட வயலில் பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தெளித்தால் காவலாக வந்த குளவியே முதலில் மடியும்.