கொள்கலன் காட்டிய வழி

கடல் வாணிகத்தில் பிறந்த எண்ணமொன்று கணினி உலகையும் மாற்றியது வரலாற்று வியப்புகளுள் ஒன்றாகும். 1956 ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்பாரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கொள்கலன்களுடன் நியூவார்க்கினின்று ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாய்ச் சுமந்த காலம் மாறலாயிற்று. சிங்கையின் தஞ்சோங் பகார் 1972இல் தன் முதற் கொள்கலன் கப்பலை வரவேற்றது.

மென்பொருள் உலகிலோ மூட்டை சுமக்கும் முறை நெடுநாள் நீடித்தது. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய 'மேக்' நிரல்களைத் தானே தொகுத்தது. எனினும் அவற்றைக் கணினிதோறும் நிறுவும் பணி பல இடங்களில் மனிதர் கையிலேயே இருந்தது. அதன் தீங்கை 2012 ஆகஸ்டு முதல் நாள் உலகம் கண்டது. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்கு வணிக நிறுவனத்தில், எட்டுக் கணினிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் விடுபட்டது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு!

2013இல் தோன்றிய 'டோக்கர்', நிரலையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒரே கலனுள் அடைத்தது. கூகுள் 2014இல் வெளியிட்ட 'குபர்நெட்டிஸ்' அக்கலன்களைப் பல கணினிகளில் ஒருங்கே இயக்கியது. இன்று நிரலர் ஒரு திருத்தத்தைப் பதிந்ததும் பொறியே அதனைத் தொகுக்கிறது, சோதிக்கிறது, கலனில் அடைத்துக் களஞ்சியத்தில் சேர்க்கிறது, பின்னர் எல்லாக் கணினிகளிலும் ஒரே கலனையே இறக்குகிறது. சோதனையில் தவறிய நிரல் வாயிலிலேயே தடுக்கப்படுகிறது.

ஆயினும், அப்பொறி அறிந்த சோதனைகள் மனிதர் எழுதித் தந்தவையே. எழுதாத சோதனையை அது நடத்தாது. கையின் உழைப்பு குறைந்துள்ளது. கருத்தின் பொறுப்போ குறையவில்லை.